நடக்க ஒரு வழி

தில்லி லோடி தோட்டத்தின் வாசலில் காலை ஆறு மணிக்கு நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. நடப்பதற்காக வருகிறவர்களில் பலர் காரில் வருகிறார்கள். வண்டியை நிறுத்த இடம் தேடி இரண்டு முறை சுற்றுகிறார்கள். பிறகு இறங்கி, காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு, மறுபடியும் காரில் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். இதைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து நடந்தே வருவதென்றால் இரண்டு மேம்பாலங்களையும், ஸ்கூட்டர்கள் ஏறிவரும் நடைமேடைகளையும், குறுக்கே கடக்க முடியாத நான்கைந்து சாலைகளையும் தாண்ட வேண்டும். பூங்கா இருக்கிறது, பூங்காவுக்குப் போகும் வழிதான் இல்லை.

மலையேற்றத்தைப் பற்றி நான் எழுத வரவில்லை. அதற்குக் கயிறு, கூடாரம், வழிகாட்டி, இளம் வயது எல்லாம் வேண்டும். நான் சொல்வது சும்மா நடப்பது. மரங்களுக்கு இடையில், ஆற்றோரம், வயல் வரப்பில், மூச்சு வாங்காமல் இரண்டு மணி நேரம் நடந்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவது. அறுபது வயதுப் பெண்மணியும் பத்து வயதுப் பேரனும் சேர்ந்தே செய்யக்கூடிய காரியம். செலவில்லாத இந்த இன்பம் நம் நாட்டில் ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நடப்பது நமக்குப் புதிதல்ல. பழனிக்கும் பண்டரிபுரத்துக்கும் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். 1930-இல் காந்தி சபர்மதியிலிருந்து தண்டிக்கு 24 நாட்கள் நடந்து ஒரு பேரரசைத் திணறடித்தார். 2020-இல் ஊரடங்கு வந்தபோது கூலித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே சொந்த ஊர் போனார்கள். வேண்டுதலுக்காக நடந்தால் பக்தர், கோரிக்கைக்காக நடந்தால் போராளி, வேறு வழியில்லாமல் நடந்தால் ஏழை. எந்தக் காரணமும் இல்லாமல் நடப்பவருக்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை. ஒரு கிராமத்து வரப்பில் அப்படி நடந்து பாருங்கள். ‘யாரைப் பார்க்க வந்தீர்கள்?’ என்று கேட்பார்கள். பெண்ணாக இருந்தால், அந்தக் கேள்வியைக்கூடக் கேட்காமல் முறைத்துப் பார்ப்பார்கள். மும்பையின் தெருக்களை ஆராய்ந்து மூன்று பெண்கள் 2011-இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற புத்தகத்தின் மையமே இதுதான்: வெளியே நிற்கும் பெண் தனக்கு அங்கே ஏதோ வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

தில்லிக்கு ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. ‘சைர்’ என்ற உருதுச் சொல்லுக்கு உலா என்று பொருள். இரண்டாம் அக்பர் ஷாவின் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ‘பூல்வாலோன் கி சைர்’ என்ற பூக்காரர்களின் உலா தொடங்கியது. மழை ஓய்ந்த பருவத்தில் ஊரே மெஹ்ரோலிக்குத் திரண்டு போனது. அங்கே யோகமாயா கோயிலுக்கும் பக்தியார் காக்கியின் தர்காவுக்கும் பூ சாத்துவார்கள். மாந்தோப்புகளில் ஊஞ்சல் கட்டி ஆடுவார்கள். வழிபாடு பாதி, காற்று வாங்குவது பாதி. 1942-இல் ஆங்கிலேய அரசு இதை நிறுத்தியது. 1960-களின் தொடக்கத்தில் நேருவின் ஊக்கத்தால் விழா மீண்டும் உயிர் பெற்றது. விழா திரும்பியது, பழைய தில்லியிலிருந்து மெஹ்ரோலிவரை இருந்த தோப்பும் வயலும் திரும்பவில்லை.

பூங்கா, காடு, ஆறு மூன்றும் தில்லிக்கு உண்டு. மூன்றிலும் நடந்து பார்த்தால் நாட்டின் கதையே ஓரளவு தெரிந்துவிடுகிறது.

முதலில் பூங்கா. லோடி தோட்டம் சுமார் 90 ஏக்கர். முகம்மது ஷா சையதின் கல்லறையும் சிக்கந்தர் லோடியின் கல்லறையும் இங்கே இருக்கின்றன. நடுவில் படா கும்பத். ஒரு மூலையில் அக்பர் காலத்து எட்டுத் தூண் பாலம். அதன் கீழே ஒரு காலத்தில் ஓடிய ஓடை இப்போது குளமாகத் தேங்கியிருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அமைச்சரும் ஓய்வுபெற்ற குமாஸ்தாவும் கல்லூரிக் காதலர்களும் ஒரே பாதையில் எதிரெதிரே வருவதை இந்த நகரத்தில் வேறெங்கும் பார்ப்பது கடினம். பிப்ரவரி கடைசியில் போனால் இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்புப் பூவோடு நிற்கும். ஏப்ரலில் போனால் கொன்றை தொடங்கியிருக்கும்.

இந்தத் தோட்டம் இருக்கும் இடத்தில் முன்பு கைர்பூர் என்று ஒரு கிராமம் இருந்தது. கல்லறைகளை ஒட்டி வீடுகள், மாடுகள், அடுப்புப் புகை. 1936-இல் வைஸ்ராயின் மனைவி பெயரால் ‘லேடி வில்லிங்டன் பார்க்’ திறக்கப்படுவதற்கு முன் அந்த ஊரை எழுப்பி வேறிடத்துக்கு அனுப்பினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பெயர் மாறியது. 1968-இல் ஜோசப் ஸ்டைனும் காரெட் எக்போவும் தோட்டத்தைத் திருத்தி அமைத்தார்கள். புல்வெளி அழகாக இருக்கிறது. அந்தப் புல்லின் கீழே ஒரு ஊர் இருந்தது என்பதும் உண்மை. நிஜாமுதீனுக்குப் பக்கத்தில் 2018-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சுந்தர் நர்சரி இதே அளவு பரப்பு கொண்டது, இன்னும் நேர்த்தியானது. ஆனால் அங்கே டிக்கெட் வாங்க வேண்டும். நடப்பதற்கு டிக்கெட் என்பது நம் காலத்தின் கண்டுபிடிப்பு.

இரண்டாவது, காடு. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி தில்லிக்குள் நுழைந்து, நான்கு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. ‘ரிட்ஜ்’ என்று பெயர். மொத்தம் சுமார் 7,700 ஹெக்டேர். பல்கலைக்கழகத்தை ஒட்டிய வடக்குத் துண்டு 87 ஹெக்டேர்தான். ஆனாலும் இதைவிட எளிய, இதைவிடச் செறிவான நடை தில்லியில் கிடையாது. ஃபிளாக்ஸ்டாஃப் கோபுரத்தில் தொடங்கலாம். 1857 மே மாதம் ஆங்கிலேயக் குடும்பங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு கூடிய இடம் அது. அங்கிருந்து தெற்கே நடந்தால் துக்ளக் காலத்து இடிபாடுகள். பிறகு பெரோஸ் ஷா துக்ளக் மீரட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட அசோகர் தூண். கடைசியில் ஆங்கிலேயர் தங்கள் வெற்றிக்கு எழுப்பிய நினைவுச் சின்னம். 1972-இல் அதற்கு அஜித்கட் என்று பெயர் மாற்றி, எதிர்த்துப் போராடியவர்களின் நினைவிடமாக ஆக்கினார்கள். நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதற்குள் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்துவிடலாம். குரங்குகளுக்குக் கையில் தின்பண்டம் இருப்பது தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்டில் ஒரு பழைய விரோதியின் முகம் தெரியும். ரிட்ஜின் பெரும்பகுதியை மூடியிருக்கும் ‘விலாயதி கீக்கர்’ வேறொன்றுமில்லை, ராமநாதபுரத்துக் கண்மாய்களை மூடியிருக்கும் அதே சீமைக்கருவேலம்தான். மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரம். வெறும் பாறையாகக் கிடந்த மேட்டைப் பச்சையாக்க வேண்டும் என்று ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்டார்கள். அது மற்றவற்றை நெருங்கவிடாமல் பரவியது. இதன் நடுவே பழைய ஆரவல்லிக் காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்புபவர்கள் எல்லையைத் தாண்டி ஹரியானாவின் மாங்கர் கிராமத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ‘தவ்’ மரங்கள். குதரியா தாஸ் பாபா என்ற சாதுவின் பெயரால், ஊர் மக்கள் தலைமுறைகளாக அங்கே கிளை ஒடிப்பதில்லை. நம் கோயில்காடுகளைப் போலத்தான். வேலியைவிட அந்தப் பயபக்தி பலமான காவலாக இருந்திருக்கிறது.

அரசின் காவல் எப்படி? 1994-இல் தில்லி ரிட்ஜைக் காப்புக்காடாக்கும் அறிவிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில், தெற்கு ரிட்ஜ் பகுதியில் ஒரு சாலையை அகலப்படுத்துவதற்காகச் சுமார் 1,100 மரங்கள் நீதிமன்ற அனுமதியின்றி வெட்டப்பட்டன. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் இதை அவமதிப்பு என்று தீர்மானித்தது. காலடிப் பாதைக்குத் தடை போடும் அதே காட்டில் கார்ப் பாதைக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது, ஆறு. யமுனை வஜீராபாத்துக்கும் ஓக்லாவுக்கும் இடையே 22 கி.மீ. தில்லிக்குள் ஓடுகிறது. உலகத்தின் பெரிய தலைநகரங்களில் ஆற்றங்கரையில் உலாவுவதுதான் மாலைப் பொழுதுபோக்கு. தில்லியில் ஆற்றைப் பார்க்க வேண்டுமானால் மெட்ரோ ரயிலின் ஜன்னல்தான் வசதி. ஆற்றின் மொத்த நீளத்தில் சுமார் இரண்டு சதவீதமே உள்ள இந்தப் பகுதிதான் அதன் அழுக்கின் பெரும்பங்கைச் சேர்க்கிறது. ஆனாலும் டிசம்பர், ஜனவரியில் காஷ்மீரி கேட்டுக்கு அருகிலுள்ள யமுனா காட்டுக்குப் போய்ப் பாருங்கள். தொலைதூரத்துக் குளிரிலிருந்து வந்த கடற்காக்கைகள் கறுத்த தண்ணீரின்மேல் வெள்ளையாகச் சுழலும். நாற்றத்தை ஒரு நிமிடம் மறந்துவிடுவோம்.

2023 ஜூலையில் இந்த ஆறு 208.66 மீட்டர் மட்டத்துக்கு உயர்ந்து, 1978-இன் சாதனையை முறியடித்து, நகருக்குள் வந்தது. அது தன் பழைய இடத்தைத்தான் கேட்டது. இப்போது வெள்ளச் சமவெளியில் அசீதா, பான்சேரா என்று பூங்காக்கள் அமைக்கப்பட்டுள்ளன. கட்டடம் வருவதற்குப் பூங்கா எவ்வளவோ மேல். ஆனால் அந்த மண்ணில் முள்ளங்கியும் கீரையும் வெள்ளரியும் விளைவித்தவர்களுக்கு, நிலம் ஆணையத்துடையது, காலி செய்யுங்கள் என்று உத்தரவு வந்தது. கைர்பூரின் கதை மறுபடியும். நடப்பவர்களின் சுகத்துக்காக இருப்பவர்களை எழுப்புவது.

பூங்காவுக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பூங்கா என்றால் ஓர் இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, உள்ளே இருந்தவரை வெளியேற்றி, வாசல் வைத்து, நேரம் குறித்துத் திறப்பது. பாதை அப்படியல்ல. உழுகிறவர் உழுதுகொண்டிருப்பார், மாடு மேய்ந்துகொண்டிருக்கும், நடப்பவர் ஓரமாகக் கடந்து போவார். யாரும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

இப்படியும் ஒரு நாடு இருக்க முடியும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். நம் வனச் சட்டத்தை எழுதியவர்களின் சொந்த ஊர்! அங்கேயும் வேல்ஸிலுமாகச் சுமார் 2,25,000 கி.மீ. பொதுப் பாதைகள் சட்டப்படி வரைபடத்தில் ஏற்றப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தனியார் நிலத்தின் வழியாகவே போகின்றன. நிலத்தின் சொந்தக்காரர் தடுக்க முடியாது. நடப்பவர் பயிரை மிதிக்கக் கூடாது, திறந்த படலைச் சாத்திவிட்டுப் போக வேண்டும். இது தானாக வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் வட்டாரத்து இளம் தொழிலாளர்கள் சுமார் 400 பேர், பிரபுக்களின் வேட்டைப் பறவைகளுக்காக மூடப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் வேண்டுமென்றே அத்துமீறி நடந்தார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்கா, கிராமப்புறப் பாதைச் சட்டம் வந்தது. 1951-இல் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் மாவட்டத்தில் அந்த மேடும் அடங்கும். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் பல திறந்தவெளிகளில் நடக்கும் உரிமையைத் தந்தது. ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டும் என்று கேட்டவர்கள் ஆலைத் தொழிலாளர்கள் என்பதைக் கவனியுங்கள். நடை பணக்காரர் பொழுதுபோக்கு என்ற எண்ணத்துக்கு அவர்களே பதில்.

அங்கே ஒரு பாதையை மக்கள் 20 ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்தினால் அது பொதுவழி என்று சட்டம் பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. நம்மிடமும் இந்த 20 ஆண்டுக் கணக்கு உண்டு. 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் சொல்கிறது. நம் கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் வழிநடை பாத்தியம்’ என்று எழுதுகிறார்களே, அதுதான். ஆனால் இது அடிப்படையில் ஒரு நிலத்துக்காரருக்குப் பக்கத்து நிலத்தின்மேல் உள்ள பாத்தியம். நிலமே இல்லாத ஒருவர் காற்று வாங்க நடப்பதற்கு இதில் இடமில்லை.

காட்டில் நிலைமை இன்னும் கடுமை. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 26-ஆம் பிரிவின்படி காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதே குற்றம். 25-ஆம் பிரிவின்படி, காப்புக்காட்டிலுள்ள பொது வழியையோ தனி வழியையோ மாநில அரசின் முன் அனுமதியோடு வன அதிகாரி மூடிவிடலாம். ஆனால் அதற்கு மாற்றாக ஓரளவு வசதியான வேறு வழி இருக்க வேண்டும், அல்லது அமைத்துத் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. காலனி அரசுகூட ஒரு மனிதரின் வழியை மூடினால் வேறு வழி காட்ட வேண்டும் என்று எழுதிவைத்தது. மூடும் அதிகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பிற்பாதியைத்தான் யாரும் நினைவூட்டுவதில்லை.

வனத்துறையின் கவலையும் நியாயமில்லாதது அல்ல. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறக்க முடியாது. யானை நடமாடும் காட்டில் யாரும் எப்போதும் போகலாம் என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் பைகளை வீசுகிறவர்களையும், பாட்டுப் பெட்டியோடு வருகிறவர்களையும் பார்த்தால் கதவைச் சாத்தத்தான் தோன்றும். ஆனால் குரங்கணியைக் காரணம் காட்டி ஊரோரக் கரட்டையும் ஏரிக்கரையையும் சேர்த்து மூடுவது சரியாகாது. குறிக்கப்பட்ட, தெரிந்த, ஆட்கள் நடமாடும் பாதைதான் பாதுகாப்பானது. பெண்களுக்கு அது இன்னும் உண்மை. ஒதுக்குப்புறம் ஆபத்தானது என்று சொல்லிப் பெண்களைத் தடுப்பதைவிட, நான்கு பேர் நடக்கும்படி செய்தால் அது ஒதுக்குப்புறமாகவே இருக்காது.

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. வருவாய்த் துறை வரைபடங்களில் நடைபாதை, வண்டிப்பாதை, வாய்க்கால் கரை எல்லாம் ஏற்கனவே கோடுகளாக இருக்கின்றன. வடக்கே ‘பக்டண்டி’ என்கிறார்கள், நம் ஒற்றையடிப்பாதை. அவற்றில் பல ஆக்கிரமிப்பிலும் அலட்சியத்திலும் மறைந்துவிட்டன. மிச்சமிருப்பதை அளந்து, ஒரு கல் நட்டு, தூரத்தை எழுதிவைக்கலாம். பூங்காவுக்கு ஒரே வாசலுக்குப் பதில் நான்கு வாசல் வைத்தால் பக்கத்துத் தெருக்காரர்கள் காரில் வர வேண்டியதில்லை. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பஸ் நிறுத்தம், ஒரு கழிப்பறை, குடிதண்ணீர். கல் பதித்துச் சிமென்ட் பூசி அழகுபடுத்தாமல் மண்ணை மண்ணாகவே விடலாம். முழங்காலுக்கும் மரத்தின் வேருக்கும் அதுதான் நல்லது.

தில்லிக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நவம்பரில் வேண்டாம், புகைமூட்டத்தில் நடப்பது உடம்புக்குக் கெடுதல். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை நல்ல காலம். ஒரு நாள் தோட்டம், ஒரு நாள் வடக்கு ரிட்ஜ், ஒரு நாள் யமுனை, ஆற்றை விட்டுவிடாதீர்கள். அழகாக இருப்பதை மட்டும் நடந்து பார்த்தால் பாதிதான் பார்த்தவர்களாவோம். மரங்களின் பெயர் தெரிய வேண்டுமானால் பிரதீப் கிருஷணின் ‘ட்ரீஸ் ஆஃப் தில்லி’ என்ற 2006-ஆம் ஆண்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் ‘ஆறு’ என்ற சொல்லுக்கு நதி என்றும் பொருள், வழி என்றும் பொருள். பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், எதிரே வரும் பசித்த ஒருவரிடம் எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே பள்ளம், எங்கே வழுக்கும் என்று சொல்லி அனுப்புவதுதான் அவற்றின் அமைப்பு. மலைபடுகடாம் இரவில் நடக்காதே என்றுகூட எச்சரிக்கிறது. தெரியாதவருக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கிய மொழியில், ‘இது பொது வழி’ என்று ஒரு பலகை எழுதி வைப்பதா கஷ்டம்? ‘இது பொது வழி அல்ல’ என்று எத்தனை பலகை எழுதியிருக்கிறோம்!